பெயின்ட் அடித்து வந்த காருக்கு அடுத்து எது: மெழுகா, மெஷின் பாலிஷா, செராமிக்கா, படலமா?

டிங்கரிங் முடிந்து, பெயின்ட் அடித்து, வண்டி பட்டறையை விட்டு வெளியே வரும் அன்றே ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டறைக்காரர் "கையோடு ஒரு டெஃப்லான் பூச்சு போட்டுவிடலாம்" என்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மைத்துனர் செராமிக் பூச்சைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதம் எதையும் தொடாதே என்கிறார். கேட்டவர் குழம்பிப்போய் நமக்கு எழுதுகிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இப்படிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைப் பூசுவது என்பது இரண்டாவது கேள்வி. எப்போது பூசுவது என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் கல் தூசியையும் கணக்கில் எடுக்காமல் பெங்களூரு கடைக்காரர் சொல்வதை அப்படியே பின்பற்றினால், செலவு செய்த பிறகும் பெயின்ட் மங்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெயின்ட் முழுதாகக் காய்ந்துவிட்டதா? தொழிற்சாலையில் வெறும் தகர உடலாக இருக்கும்போதே பெயின்ட் அடித்துச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பட்டறைக்கு வரும் காரில் ஒயரிங், ரப்பர், பிளாஸ்டிக், டேங்க் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சூட்டை அவை தாங்காது. ஆகவே நல்ல பூத் (தூசி புகாமல் மூடி, சூடேற்றும் வசதியுள்ள பெயின்ட் அறை) உள்ள பட்டறையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் சுடுவார்கள். பூத் இல்லாத கொட்டகையில் வெயிலும் காற்றும்தான் காயவைக்க வேண்டும். இரண்டிலுமே மறுநாள் தொட்டால் கையில் ஒட்டாது. ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் மேல்பரப்பு வழியாக மெல்ல வெளியேறிக்கொண்டும், இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனர் பெயின்டோடு சேர்ந்து இறுகிக்கொண்டும் இருக்கும். பூத்தில் சுட்டதற்கு 30 நாள், கொட்டகையில் காய்ந்ததற்கு 60 முதல் 90 நாள் என்பது தொழிலில் உள்ளவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மார்கழிக் குளிரில் ஓசூர், தளி பக்கம் அடித்த பெயின்டுக்கு இன்னும் சில வாரம் சேர்த்துக்கொள்வது நல்லது.

நாளை எண்ணுவதோடு நிறுத்தாமல் வண்டியையும் பாருங்கள். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்து உள்விளிம்பில் முகர்ந்தால் தின்னர் வாடை வருகிறதா? அதே இடத்தில் நகத்தால் மெதுவாக அழுத்தினால் தடம் விழுகிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

என்ன பெயின்ட், எவ்வளவு பருமன்? இன்று பெரும்பாலும் அடிப்பது நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு போடும் பி.யூ. (பாலியூரித்தேன்) வகை. செலவைக் குறைக்க என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிக்கும் இடங்களும் இருக்கின்றன. தின்னர் நனைத்த துணியால் கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில் தேய்த்தால் என்.சி. கரைந்து வந்துவிடும், இறுகிய பி.யூ. கரையாது. பட்டறையில் அடிக்கும் கிளியர் கோட் சாதாரணமாக 50, 60 மைக்ரான் இருக்கும். அது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. பளபளப்புக்காகத் தேய்க்கும் ஒவ்வொரு ரப்பிங்கும் இதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. ஒருமுறை போனது திரும்ப வராது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததும் நமக்குத் தெரிந்தவை. ஃபுளோரைடு நம் பல்லுக்கும் எலும்புக்கும் பகை. காருக்குப் பகை அதே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். வாளியின் உள்பக்கத்திலும் வெந்நீர் ஹீட்டரிலும் வெள்ளை படிகிறதென்றால் அதேதான் பானெட்டிலும் படியும்.

தூசியும் நிறுத்துமிடமும். கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. எந்த பெயின்டும் அதற்கு முன் மிருதுதான். காலையில் வண்டியின் மேல் படிந்திருக்கும் மெல்லிய சாம்பல் நிறத் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பது, மேலே எது பூசியிருந்தாலும், கீறல் போடும் வேலைதான். அடுத்தது மரம். சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாந்தோப்பு ஓரத்தில் நிறுத்துபவர்கள் மாம்பால் சொட்டி நிற்கும் கறையை அறிவார்கள். காய் காம்பு ஒடியும்போது வடியும் அந்தப் பால் நம் தோலையே புண்ணாக்கிவிடும். காயாத பெயின்டில் சில மணி நேரத்தில் தடம் பதித்துவிடும். பறவை எச்சமும் அப்படியே.

மூன்று ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? முதல் நாள் பில் மட்டும் செலவு அல்ல. பராமரிப்பு, ஷாம்பு, ஒரு கதவில் மோதல் ஏற்பட்டால் மறுபடி செய்யவேண்டியது எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

நடுத்தர அளவுக் காருக்குச் சுமாராகக் கேட்கப்படும் தொகைகள் இவை. கடைக்குக் கடை மாறும்.

| வழி | பெயின்ட் அடித்த பின் எப்போது | முதல் செலவு | எவ்வளவு காலம் நிற்கும் | உப்புத் தண்ணீரில் |
|---|---|---|---|---|
| வெறும் தண்ணீர்க் கழுவல் | முதல் வாரத்துக்குப் பின் | துணிக்கும் ஷாம்புக்கும் மட்டும் | – | துடைத்தால் பாதகமில்லை |
| கை மெழுகு | 30–90 நாள் கழித்து | ₹500–1,200 | 1–2 மாதம் | நல்லது. கறை மெழுகோடு போய்விடும் |
| மெஷின் பாலிஷ் | 30–90 நாள் கழித்து | ₹2,500–6,000 | இது பூச்சு அல்ல | படிந்த கறையை எடுக்கும் |
| டெஃப்லான், சீலன்ட் | 30–90 நாள் கழித்து | ₹3,000–6,000 | சில மாதம் | பரவாயில்லை |
| செராமிக் | 30–90 நாள் கழித்து | ₹12,000–35,000 | 1–3 ஆண்டு | கவனம் தேவை |
| பி.பி.எஃப். (பெயின்டைக் காக்க மேலே ஒட்டும் பிளாஸ்டிக்) படலம், முழு வண்டி | 90 நாள் கழித்து | ₹60,000-க்கு மேல் | 5 ஆண்டும் மேலும் | படலத்தின் மேல் கறை நிற்கும் |

## எதுவும் பூசாமல் விடுவது

முதல் மூன்று மாதத்துக்கு இதுதான் என் தேர்வு. பலர் இதை அலட்சியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். முதல் வாரம் தண்ணீரே வேண்டாம். மழை பட்டால் பயப்பட வேண்டியதில்லை, வெயில் ஏறுமுன் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு வாரம் ஒருமுறை காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவுங்கள். முதலில் குழாயால் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியை ஓடவிட வேண்டும். அதன் பிறகே பி.எச். நடுநிலையான (அமிலமோ காரமோ மிகாத) கார் ஷாம்பும் மைக்ரோஃபைபர் துணியும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று ஷாம்பு கலந்தது, மற்றொன்று துணியை அலச. ஒற்றை வாளியில் கழுவினால் வண்டியிலிருந்து எடுத்த மண்ணை மறுபடி வண்டியிலேயே தேய்க்கிறோம். கடைசியில் ஊற்றும் ஒரு வாளி மட்டும் மழைநீராக இருந்தால் வெள்ளைப் புள்ளி பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். உடனே துடைத்துவிட வேண்டும், காற்றில் காயவிடக் கூடாது.

வாட்டர் சர்வீஸுக்கு விடுவதாக இருந்தால் மூன்று விஷயங்களைச் சொல்லி விடுங்கள். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை விளிம்புகளுக்கும் பட்டி பார்த்த இடங்களுக்கும் அருகில் கொண்டுவர வேண்டாம். அடிப்பகுதிக்கு டீசல் அடிக்க வேண்டாம். பானெட்டைத் துடைக்க, டயர் துடைத்த பனியன் வேஸ்ட்டை எடுக்க வேண்டாம். கடைசியைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் துணியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது இந்தக் காலத்தில் மிகக் கெடுதல். வெளியேற வேண்டிய ஆவி உள்ளேயே நின்றுவிடும், கவரின் அடியில் சிக்கிய தூசி காற்றில் ஆடி ஆடி உரசும்.

பூஜையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயின்ட் அடித்து வந்த வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைக்காமல் யாரும் ஓட்டுவதில்லை, வைக்கவும் வேண்டும். வெள்ளை வண்டியாக இருந்தால் மஞ்சளும் குங்குமமும் காயாத கிளியர் கோட்டில் சாயமாக இறங்கிவிடும். கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் பொட்டு வையுங்கள், மாலையை டேப் போட்டு ஒட்டாமல் கட்டுங்கள். ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு பெயின்ட் முடிந்து வரும் வண்டிகளுக்கு இது முக்கியம்.

## மெழுகு

பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகுதான் இதில் பெயர்பெற்றது. அது மேலே ஒரு மெல்லிய படிவாக உட்கார்ந்துகொண்டு எச்சம், மாம்பால், உப்புக் கறை முதலியவற்றைப் பெயின்டில் நேரடியாகப் படவிடாமல் தடுக்கிறது. நம் சித்திரை வெயிலில் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு மேல் நிற்காது. இதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு நான் சொல்வது: நம் தண்ணீருக்கு இந்தக் குறைதான் நன்மை. கறை படிந்தால் அது மெழுகின் மேல் படிகிறது. அடுத்த முறை மெழுகோடு சேர்ந்து போய்விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு உழைப்புதான். ஒவ்வொரு முறையும் நிழலும் அரை நாளும் வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் பட்டால் வெள்ளையாக நிற்கும். கடையில் வாங்கும்போது சிலிக்கோன் கலந்த உடனடிப் பளபளப்பு ஸ்பிரேக்களைத் தவிருங்கள். எங்காவது மறுபடி டச்சப் செய்ய நேர்ந்தால், அந்த சிலிக்கோன் மிச்சத்தால் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் போல் குழி குழியாக விலகி நிற்கும்.

சொந்தமாகக் கழுவிக்கொள்ளும் பழக்கமும், மாதம் ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கும் மனமும் உள்ளவர்களுக்கு இதுவே போதும். என்.சி. பெயின்ட் அடித்தவர்களுக்கு வேறு வழியே தேட வேண்டாம்.

## மெஷின் பாலிஷ்

அதிகக் குழப்பம் இங்கேதான். மெஷினில் வைத்துத் தேய்க்கும் கட்டிங் கம்பவுண்ட் என்ற பசை பெயின்டைச் சுரண்டிச் சமப்படுத்துகிறது. மெழுகு பெயின்டை மூடுகிறது. இரண்டையும் "பாலிஷ்" என்று ஒரே பெயரால் அழைப்பதால், பட்டறையில் மூன்றாம் நாளே மெஷின் ஓட்டியதைப் பார்த்தவர்கள் மெழுகும் போடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கொட்டகையில் பெயின்ட் அடிக்கும்போது ஈரக் கிளியர் கோட்டில் தூசி விழுவதைத் தவிர்க்க முடியாது. அந்தத் துகள்களை 1500, 2000 வாட்டர் பேப்பரால் தேய்த்து, கம்பவுண்ட் வைத்து மெஷின் ஓட்டித்தான் வண்டியைக் கொடுக்கிறார்கள். அது பெயின்ட் வேலையின் கடைசிக் கட்டம். பரப்பை மூடாததால் அதனால் ஆவிக்குத் தடையில்லை.

ஆனால் ஒப்படைக்கும் நாளில் நாம் பார்க்கும் பளபளப்பு நிலையானது அல்ல. தின்னர் வெளியேற வெளியேற பெயின்ட் சற்றுச் சுருங்கும். அடியில் பட்டி பார்த்த இடத்தின் விளிம்பும், வாட்டர் பேப்பர் கோடுகளும் இரண்டு மாதம் கழித்து மெல்ல மேலே தெரியும். பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகுமுன் இதை மனத்தில் கொள்ளுங்கள். கொஞ்சம் மங்குவது இயல்பு. நல்ல மெஷின் பாலிஷை இந்தச் சுருக்கம் நின்ற பிறகு செய்தால்தான் அது நிலைக்கும். பெயின்ட் பேசும்போதே, "மூன்று மாதம் கழித்து ஒருமுறை மெஷின் ஓட்டித் தரவேண்டும்" என்று பேசி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். பல பட்டறைகள் ஒப்புக்கொள்ளும்.

ஓட்டுபவரின் கைதான் எல்லாம். வட்டமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிக் கிளியர் கோட் எரிந்துவிடும். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவு விளிம்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. அங்கே ஒரு நொடி அதிகம் நின்றால் நிறம் வரை இறங்கிவிடும். அசைந்து சுழலும் டி.ஏ. மெஷின் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பானது. ஓட்டுமுன் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். ஒட்டாதவரிடம் புது பெயின்டை நான் கொடுக்க மாட்டேன்.

ஆயுளில் எத்தனை முறை? காய்ந்த பின் ஒருமுறை, பிறகு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் பாலிஷ் போடும் வழக்கம் வண்டியை அழகுபடுத்துவதாகத் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெள்ளையாக உரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

## டெஃப்லான், சீலன்ட்

மெழுகுக்கும் செராமிக்குக்கும் நடுவில் நிற்கும் செயற்கைப் பூச்சுகள். மெழுகைவிடச் சில மாதம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். பட்டறையிலேயே "கையோடு" போடச் சொல்லும்போது மறுத்துவிடுங்கள். காயாத பெயின்டை மூடுவதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதம் கழித்து, மெழுகு போட நேரமில்லாதவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

## செராமிக்

சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். பெயின்டோடு பிணைந்து ஒன்றிரண்டு மைக்ரான் பருமனில் கடினமான பூச்சாகிறது. தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், நிறம் ஆழமாகத் தெரியும். நன்றாகச் செய்தால் நல்ல பொருள்தான்.

விற்பவர்கள் சொல்லும் "9எச் கடினம்" எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பென்சில் கொண்டு அளக்கும் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதே அதன் பொருள். மோஸ் அளவோடு அதற்குத் தொடர்பில்லை. கிரானைட் தூசி அதையும் கீறும். ஜல்லி தெறித்தால் பெயின்ட் பெயரும்.

பெரிய கவலை தண்ணீர். உருண்ட துளி அப்படியே வெயிலில் காய்ந்தால், உப்பு முழுவதும் ஒரு சிறு வளையத்தில் குவிகிறது. செராமிக் போட்ட கறுப்பு வண்டிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதுதான். மெழுகாக இருந்தால் கறையோடு போகும். செராமிக் நிலைத்து நிற்பதால் கறையும் நிலைக்கிறது. எடுக்க வேண்டுமானால் அமிலத்தன்மை உள்ள கிளீனர் அல்லது மறுபடி பாலிஷ். பாலிஷ் ஓட்டினால் பூச்சும் சேர்ந்து போகும்.

மற்ற மறைவான செலவுகள்: பூசுமுன் கட்டாயம் ஒரு மெஷின் பாலிஷ், அதாவது கிளியர் கோட்டில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆண்டுக்கொருமுறை அதே கடைக்குப் போய்ப் பராமரிப்பு செய்யாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல கடைகள் அட்டையில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு கதவில் உரசல் ஏற்பட்டால் பூச்சைத் தேய்த்தெடுத்துப் பெயின்ட் அடித்து, காத்திருந்து, அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்? மூடிய ஷெட், மென்மையான தண்ணீர் அல்லது கழுவியவுடன் துடைக்கும் பழக்கம், பூத்தில் அடித்த நல்ல பி.யூ. பெயின்ட், இன்னும் நான்கைந்து ஆண்டு வண்டியை வைத்திருக்கும் எண்ணம். இந்த நான்கும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தெருவில் நிறுத்தி, போர் தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்பவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

## பி.பி.எஃப். படலம்

கல் தெறிப்பிலிருந்து உண்மையில் காப்பது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். சுமார் 150 முதல் 200 மைக்ரான் பருமனுள்ள, டி.பி.யூ. என்ற நெகிழும் பிளாஸ்டிக்கால் ஆன படலம். சிறு கீறல்கள் வெயிலின் சூட்டில் தானே மறையும். மலிவாகக் கிடைப்பது பி.வி.சி.; சில ஆண்டில் மஞ்சளாகும்.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓசூருக்கும் சேலத்துக்கும் தினமும் போய்வருபவர்களுக்கு முன் பம்பரும் பானெட்டும் எப்படி அடிபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரியின் பின்னால் தொப்பூர் கணவாயில் ஒருமுறை ஊர்ந்தாலே போதும். அவர்களுக்கு முன்பகுதிக்கு மட்டும் படலம் ஒட்டுவது நியாயமான செலவு.

ஆனால் மறுபெயின்ட் அடித்த வண்டிக்கு இதில் தனி ஆபத்து உண்டு. தொழிற்சாலைப் பெயின்ட் தகரத்தைப் பிடித்திருக்கும் அளவுக்குப் பட்டறைப் பெயின்ட், குறிப்பாகக் கனமாகப் பட்டி பார்த்த இடத்தில், பிடித்திருக்காது. பின்னாளில் படலத்தை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரக்கூடும். பல கடைகள் மறுபெயின்ட் அடித்த பாகத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. ஒட்டுமுன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கணினியில் முன்பே வெட்டிய படலமா, வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டுகிறாரா என்பதையும் கேளுங்கள். புது பெயின்டில் பிளேடு கோடு விழுந்தால் அங்கிருந்து துரு தொடங்கும்.

## யாருக்கு எது

ஊருக்குள் ஓடும் வண்டி, வீட்டு வாசலில் நிறுத்தம், போர் தண்ணீர்: மூன்று மாதம் வெறும் கழுவல், பிறகு ஒரு நல்ல மெஷின் பாலிஷ், அதன் மேல் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. நம் இரு மாவட்டங்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். மெழுகை நீங்களே போட்டுக்கொண்டால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குள் முடியும்.

நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர்கள் இதோடு முன்பகுதிப் படலத்தைச் சேர்க்கலாம். ஷெட்டும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் செராமிக் போகலாம். ஓராண்டுக்குள் விற்கப்போகிறவர்கள் மெழுகோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். செராமிக்குக் கொடுத்த பணம் விலையில் திரும்பி வராது.

ஒரு கதவோ பம்பரோ மட்டும் பெயின்ட் அடித்தவர்கள் தனியாகக் கேட்கிறார்கள். மற்ற பாகங்களுக்கு வழக்கம்போல் மெழுகு போடுங்கள், புதிய பாகத்தை மட்டும் மூன்று மாதம் விட்டுவிடுங்கள். ஷேட் ஒத்துப்போகவில்லை என்று தோன்றினால் உடனே மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டாம். பழைய பாகங்கள் வெயிலில் மங்கியிருப்பதாலும் அப்படித் தெரியும். பக்கத்துக் கதவில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும் மெஷின் ஓட்டிப் பார்த்து, வெயிலிலும் நிழலிலும் ஒப்பிட்ட பிறகு பட்டறைக்குப் போங்கள். இன்னும் பெயின்டே அடிக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்துப் பாகத்தை முதலில் பாலிஷ் செய்துவிட்டு அதைப் பார்த்து ஷேட் கலக்கச் சொல்லுங்கள்.